கூடவே கேட்ட துடிப்பு

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் இலவச இதயப் பரிசோதனை. காலையிலிருந்தே கூட்டம் அள்ளியது. நான்காம் வருட மாணவி ஒருத்தி, ஓயாத பேச்சால் வாயாடி என்று பெயர் வாங்கியவள், அறுபது நெஞ்சுகளைக் கேட்டு முடித்திருந்தாள். பக்கத்தில் ஈசிஜி இயந்திரத்தோடு அவள் கூட்டாளி, தடித்த கண்ணாடியால் சோடாபுட்டி ஆனவன்.

பிற்பகலில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சுண்ணக்கட்டித் தூளும் ஈரமண்ணும் கலந்த வாடை. கடைசியாக வந்தவள் ஒரு தையல்காரி. ஐம்பது வயதிருக்கும்.

வாயாடி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். வேகமான, மிரண்ட துடிப்பு.

அதற்குப் பின்னால் இன்னொன்று.

நிதானமாக. கனமாக.

காதைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். இரண்டும் கேட்டன.

"உனக்கும் கேக்குதா கண்ணு?" தையல்காரி கிசுகிசுத்தாள்.

"யா... யாருதுக்கா அது?"

"எங்க வீட்டுக்காரரு. போன வருஷம் நெஞ்சு கரிக்குதுன்னாரு. வாயுவா இருக்கும், பேசாம படுங்கன்னுட்டு நான் தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா உடம்பு ஜில்லுனு கெடக்கு." எச்சில் விழுங்கினாள். "அன்னையிலேருந்து கூடவேதான் இருக்காரு."

சோடாபுட்டி கிழித்த தாளில் ஒரு துடிப்புதான் இருந்தது. அதுவும் தாறுமாறாக. மாணவர்களை மேற்பார்க்க வந்து வாசலில் நின்ற டாக்டரிடம் தாளை நீட்டினான். அவர் ஒரே பார்வைதான் பார்த்தார்.

"மாரடைப்பு. இப்பவே நடந்துட்டிருக்கு. ஆம்புலன்ஸக் கூப்பிடு!"

வண்டி வந்தது. தையல்காரி வகுப்பறை ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் வரமாட்டேன். ஒரு தடவ அவரத் தனியா விட்டது போதும்."

டாக்டர் அதட்டினார், கெஞ்சினார். அவள் உதடு நீலம் பாரித்துக்கொண்டே போனது. வாயாடிக்கு வேறு வழி தெரியவில்லை. குனிந்து அவள் காதோடு சொன்னாள்.

"நீங்க போங்கக்கா. அவர நான் பாத்துக்கறேன்."

தையல்காரி அவள் கண்ணையே பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான்க்கா."

கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

இரண்டு மணி நேரம் கழித்து, வண்டியில் கூடப் போன டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். அடைப்பை எடுத்துவிட்டார்கள், உயிருக்கு ஆபத்தில்லை. மாணவர்கள் கைதட்டினார்கள். போகிற உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம் என்ற பூரிப்பில் வாயாடியும் சேர்ந்து தட்டினாள். கல்லூரி வேனில் ஏறி ஜன்னலோரம் சாய்ந்தாள். பக்கத்து இருக்கையில் யாருமில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

சோடாபுட்டி பெட்டியோடு ஏறி வந்தான். பக்கத்தில் உட்காரப் போனவன், சட்டென்று நிமிர்ந்தான்.

"மன்னிச்சுக்குங்க சார், நீங்க உக்காந்திருக்கறத கவனிக்கல," என்று காலி இருக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குப் போனான்.