வழியனுப்ப வந்த அப்பா

பகலவன் ஓடினான். ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் வைத்த ரெக்சின் பை. வேன் நின்ற இடத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வாசலுக்கு, சாயங்கால வெயிலில், டாக்சிகளுக்கு நடுவே புகுந்து, யார் யார் மேலேயோ இடித்துக்கொண்டு ஓடினான். பாதி தூரத்தில்தான் அவனுக்கு அது உறைத்தது.

பின்னால் வரும் அப்பாவுக்கு இழுப்பு வரவில்லை.

இருசப்பனுக்கு இழுப்பு இல்லாத நாளை வடக்கனந்தலில் யாரும் பார்த்ததில்லை. மோட்டார் கொட்டகையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு இடத்தில் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். மழைக்காலத்தில் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பும் சத்தம், ஓட்டைத் துருத்தியை யாரோ விடாமல் அமுக்குவதுபோலத் தெரு முனை வரைக்கும் கேட்கும். அந்த மனிதர் இப்போது மகனுக்குச் சமமாக வந்துகொண்டிருந்தார். மூச்சுச் சத்தம் இல்லை. துணி தரையில் உரசும் சத்தம் மட்டும்.

பகலவன் திரும்பிப் பார்க்கவில்லை. சாமந்தி வாசமும் ஊதுபத்தி வாசமும் கூடவே வந்தன. அதுவே போதுமாக இருந்தது.

“இன்னாடா முழிச்சிக்கினு நிக்கற? டிக்கெட்ட மேல எடுத்துப் புடி. போலீஸ்காரன் கேக்கறதுக்கு முந்தி நீட்டணும்.”

அப்பாவின் குரல்தான். காதோரம், தெளிவாக.

வாசலில் நின்ற போலீஸ்காரர் டிக்கெட்டை வாங்கினார். பகலவனைப் பார்த்தார். பிறகு அவனுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், எதையோ தேடுவதுபோலப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். உள்ளே போக டிக்கெட் இல்லாத அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலையில் ரோட்டில் ஆம்பிளைகள் தலைத்துண்டை அவிழ்த்ததும் அப்படித்தான்.

தனி ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல் நடந்த வாரம் அது. ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பஸ் நகரவில்லை. பகலவனின் துபாய் விசா மறுநாளோடு முடிகிறது. பி.ஏ. படித்துவிட்டு வருஷக்கணக்காக வீட்டில் இருந்தவனுக்குக் கிடைத்த ஒரே விசா. போன மாதம் ஒரு தடவை இதே மீனம்பாக்கத்துக்கு வந்து, தப்பான வரிசையில் கடைசி வரைக்கும் நின்றுவிட்டு, விமானத்தைக் கோட்டை விட்டிருந்தான். இனி ஒரு தடவை கிடையாது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார்.

அந்த அவமானத்தை மகனைவிட அதிகமாகப் பட்டவர் இருசப்பன். விழுப்புரத்தைத் தாண்டியறியாத மனிதர், சின்னசேலத்துக்குப் போய், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கண்ணாயிரத்தின் வீட்டில் உட்கார்ந்து, விமான நிலையத்தில் எதற்கு அப்புறம் எது என்று கேட்டு நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்தார். சோறு தின்னும்போதும் அதே பேச்சு. பெட்டி எடை போட்டப்புறம் எங்கடா போவணும், சொல்லு. அவர் பெண்டாட்டி கமலா எரிச்சலில் ஒரு நாள், ஏரோப்ளேனை நீங்களே ஓட்டிக்கினு போயிடுங்களேன் என்று கேட்டேவிட்டாள்.

மறியல்காரர்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. “ஒனக்கு வேலை வேணும்னுதாண்டா நம்ம சனம் ரோட்ல குந்தினுருக்குது,” என்றார். “நீ வேலைக்குப் போவ மட்டும் ரோடு இல்ல, பாத்தியா.” சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இழுப்பாக மாறியது.

பிணத்துக்கு மட்டும் வழி விடுகிறார்கள் என்ற சேதியைக் கொண்டுவந்தவர் வேன் ஓட்டும் ராஜாங்கம். கிளைகளைத் தாங்களே ஓரமாக இழுத்துப் போட்டு, எழுந்து நின்று கும்பிட்டு அனுப்புகிறார்களாம். ஊர்ச் சேதியாகத்தான் சொன்னார். இருசப்பன் அதைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நான் படுத்துக்கறேன். நீ அழுவு.”

கமலா ஒத்துக்கொள்ளவில்லை. “உசுரோட இருக்கற மனுசனுக்கு வெளையாட்டுக்குக் கட்டினாலும், கட்டினது கட்டினதுதான்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள், வேன் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

எனவே கட்டியது பகலவன். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. கைக் கட்டைவிரல் இரண்டுக்கும் ஒன்று. தாடையைத் தாங்கி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட ஒரு வெள்ளைத் துணி. ஒப்புக்குக் கட்டினால் ரோட்டில் பொம்பளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ராஜாங்கம் சொன்னதால், இறுக்கியே கட்டினான். நெற்றியில் ஒரு காசு. கழுத்துக்குச் சாமந்தி மாலை. முகத்தோடு சேர்த்துப் போர்த்த ஒரு கோடித்துணி.

சுடுகாட்டில், கொள்ளி வைக்கிறவன் கண்முன் அவிழ்க்கிற கட்டு அது. மதுராந்தகம் தாண்டியதும் வேனிலேயே அவிழ்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அவிழ்க்கவில்லை. நேரமில்லை என்று பகலவன் இப்போதும் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

“பெட்டிய எடைக்கு வைய்யி,” என்றது குரல். “அந்த வரிசையில்ல. இந்தாண்ட.”

இந்தாண்ட வரிசையே இல்லை. அவன் நகர்ந்ததும் முன்னால் நின்றவர்கள் காரணம் தெரியாமல் இரண்டு பக்கமும் விலகினார்கள். கோட்டு போட்ட ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்தார். ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். எடை போட்ட ஆள், யாரப்பா உள்ளே பூமாலை கொண்டாந்தது என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போர்டிங் பாஸை நீட்டினான். அவன் விரல்கள் பகலவனின் விரலைத் தொட்டதும் சட்டென்று பின்னுக்குப் போயின. அப்புறம் குழாயடிக்குப் போய்க் கையை முழங்கை வரை கழுவினான்.

போன மாதம் எத்தனை பேர் அதட்டினார்கள், எத்தனை பேர் அங்கே போ, இங்கே போ என்று விரட்டினார்கள். இன்றைக்கு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அவன் இறங்கிக்கொண்டிருந்தான். யாரும் அவன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. எல்லோரும் வழி விட்டார்கள். சாவு போகும் தெருவில் விடுவதுபோல.

“இப்பிடியே நேரா. எமிக்ரேஷன்னு எழுதியிருப்பான்.”

அப்பாவுக்கு எழுத்து தெரியாது.

பகலவன் முதல் தடவையாகப் பக்கவாட்டில் பார்த்தான். முழுதாகப் பார்க்கவில்லை, கண்ணின் ஓரத்தால். அப்பா இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்து, பிரசாதம் வாங்கப் போகிறவர் மாதிரி வந்துகொண்டிருந்தார். நெற்றிக் காசு விழவில்லை. தாடைத் துணி விறைத்து நின்றது. உதடு அசையவில்லை. ஆனால் பேச்சு வந்தது.

“பயப்படாதடா. நான் இருக்கறேன் இல்ல.”

அந்த வார்த்தையில்தான் பகலவனுக்கு அழுகை முட்டியது. சின்ன வயசில் கல்வராயன் மலைச் சந்தைக்குக் கூட்டிப்போனபோது, கோமுகி ஆற்றைத் தாண்டும்போது, தோளில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு இதையேதான் சொல்வார். அப்போது அவருக்கு இழுப்பு கம்மி.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். முத்திரையைக் கையில் எடுத்தார். குத்தவில்லை.

“கூட யாரு?”

பகலவன் முத்திரையையே பார்த்தான்.

“உங்களைத்தான். கூட வந்திருக்கறது யாரு?”

“யாரும் இல்ல சார்.”

துணி உரசும் சத்தம் நின்றது. அதிகாரி தலையை நிமிர்த்தாமலே முத்திரையைக் குத்தினார். டொப். அவ்வளவுதான். பகலவன் நடந்தான். பின்னால் எதுவும் வரவில்லை. சாமந்தி வாசம் இல்லை. யாரும் இல்லை என்று சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். ஊருக்குப் போகட்டும். அம்மாவிடம் போகட்டும்.

நாலு எட்டு வைப்பதற்குள் காதோரம் குரல் வந்தது. கோபம் இல்லாத குரல்.

“அப்பிடித்தான் சொல்லணும். இன்னும் செக்கிங் ஒண்ணுதான் பாக்கி.”

செக்கிங்கில் தடவிப் பார்த்தவன் பகலவனைத் தடவினான். பிறகு காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினான். தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

வெளியே விமானம் நின்றது. வானம் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது. தரை இன்னும் சூடாக இருந்தது. எண்ணெய் வாடையும் அனல் காற்றும் முகத்தில் அடித்தன. தூரத்தில், வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் காலரியில் கைகள் அசைந்தன, கைக்குட்டைகள் அசைந்தன, யாரோ யார் பேரையோ கூப்பிட்டார்கள். கார் நிறுத்துமிடம் இங்கிருந்து தெரியவில்லை. அங்கே வேன் இன்னும் நிற்கும். ராஜாங்கம் இறங்கியிருக்க மாட்டார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தவர் வைத்தபடி இருப்பார்.

படி ஏறினான். ஜன்னலோர இடம். பக்கத்து சீட்டுக்காரர் வந்தார், சீட்டைப் பார்த்தார், ஏதோ முனகிவிட்டு வேறு இடத்துக்குப் போனார்.

சீட் தாழ்ந்தது.

மெதுவாக. ஒரு ஆள் உட்கார்ந்தால் தாழ்கிற அளவுக்கு.

பகலவன் ஜன்னலையே பார்த்தான். பெல்ட்டை மாட்டினான். கண்ணை மூடினான். திறந்தான். கதவைச் சாத்தினார்கள். முடிந்தது. இனி யாரும் இறக்கிவிட முடியாது. வந்துவிட்டான்.

“பகலவா.”

அவன் திரும்பவில்லை.

“நீ போய்ச் சேந்துட்டடா. இப்ப அவுத்து வுடு.”

முழங்கையில் எதுவோ பட்டது. சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைவிரல்கள். அவன் போட்ட முடிச்சு. நீலம் பாய்ந்த நகங்கள். முடிச்சைப் பிடித்தான். இழுத்தான். நகம் பிய்ந்தது. வரவில்லை. இறுக்கித்தான் கட்டியிருந்தான்.

விமானம் ஓடத் தொடங்கியது. இரைச்சல் ஏறியது. அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து அது கிளம்பியது.

இழுப்பு.

முதலில் மெல்ல. ஒரு இழை. பிறகு ஓட்டைத் துருத்தி. அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு. முன் வரிசையில் ஒருவர் திரும்பினார். பின்னால் ஒரு பெண், யாருக்கோ மூச்சு வாங்குது பாருங்க என்றாள்.

இதையேதான் காலையில் உளுந்தூர்பேட்டை மறியலிலும் ஒரு பெண் சொன்னாள்.

கூட்டம் வேனைச் சூழ்ந்து நின்றது. புண்ணியம் என்று நினைத்து யாரோ ஒரு கட்டு ஊதுபத்தியை அப்படியே தலைமாட்டில் கொளுத்தி வைத்தார்கள். புகை கோடித்துணிக்குள் இறங்கியது. துணி வாய்ப்பக்கம் குழிந்தது. புடைத்தது. குழிந்தது. கட்டின கைகள் துணிக்குள்ளிருந்து மேலே எழும்பின. துணி ஆடுதே, மூச்சு வாங்குதே என்றாள் அவள். பகலவன் “அப்பா” என்று கதறிக்கொண்டு அவர் மேல் விழுந்தான். நெஞ்சில் நெஞ்சை வைத்து அழுத்தினான். கைகளை உடம்போடு சேர்த்துப் பிடித்தான். கொஞ்சம் பொறுத்துக்கப்பா, இதோ கிளையை எடுக்கறாங்க, கொஞ்ச நேரம் என்று காதில் சொன்னான். மகன் அழுகிற அழுகையைப் பார்த்துக் கூட்டமே அழுதது. அடியில் கால்கள் உதைத்தன. இரண்டும் சேர்ந்தே உதைத்தன. கிளையை நகர்த்த நேரமானது. அவன் எழுந்திருக்கவில்லை. உதைப்பு நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை.

அரசூர்ப் பக்கம் வண்டியை ஓரம் கட்டித் துணியை விலக்கிப் பார்த்தவர் ராஜாங்கம். திருப்பிடலாம் தம்பி என்றார். மறுநாள் விசா முடிகிறது. நீங்க வண்டிய வுடுங்கண்ணே, அப்புறமா அப்பாவ அம்மாகிட்ட சேத்துடுங்க என்றான் பகலவன். அதற்கப்புறம் வந்த மறியல்களில் அவன் அழவேண்டிய தேவையே வரவில்லை.

இப்போது தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பக்கத்தில் இழுப்பு ஏறிக்கொண்டே போனது.

பகலவன் பெல்ட்டைக் கழற்றினான். காலியாக இருந்த பக்கத்துச் சீட்டின் மேல் குப்புற விழுந்தான். நெஞ்சில் நெஞ்சை வைத்து, கைகளைச் சேர்த்துப் பிடித்து, முழு பலத்தோடு அழுத்தினான்.

“கொஞ்சம் பொறுத்துக்கப்பா. கொஞ்ச நேரம்.”

இந்தத் தடவை அது அடங்கவில்லை.