வெறுங்கலயம்

முனைவர் இளம்பரிதி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது முதலில் சால்வை இறங்கியது, அடுத்துத் தொப்பை, அதன் பிறகுதான் ஆள். பெற்றவர்கள் வைத்த பாலசூரியன் என்ற பெயருக்கு வடமொழித் தீட்டுக் கழித்து இளம்பரிதி என்று ஆக்கிக்கொண்டவர். சொற்களின் பூர்வீகம் விசாரிப்பது அவர் தொழில். விசாரிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். பேச ஆரம்பிக்குமுன் தொண்டையை 'க்ஹும்' என்று கனைப்பார். அந்தக் கனைப்புக்கே புதுச்சேரி இலக்கிய மன்றங்களில் பின்வரிசை காலியாகிவிடும்.

கதவைத் திறந்தவர் லினெட். இளம்பரிதியின் மனைவி நிர்மலாதேவியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் சூனியம் என்று நடுங்கிய தோழியிடம், "எங்க வீட்டுக்காரர அனுப்பறேன். அவரு பேசினா பேயே காதப் பொத்திக்கும்" என்று நிர்மலா சொல்லியிருந்தாள். இளம்பரிதி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மாதா கோவில் மணி கேட்கிற தூரத்தில் பழைய வீடு. உயரமான கூரை. பகல் வெளிச்சம் வாசலோடு நின்றுகொண்டது. உள்ளே ஈரச் சுண்ணாம்பும் அணைந்த மெழுகுவத்தியும் கலந்த வாசனை. படியைத் தாண்டியதும் தெருவின் ஹாரன் சத்தம் எங்கோ கிணற்றடியில் கேட்பதுபோல் அமுங்கிப் போயிற்று.

காலியாயிருந்த நாற்காலியில் உட்காரப் போனார்.

"ஐயோ சார்! அதுல அவரு இருக்காரு!"

குனிந்து பார்த்தார்.

இருந்தார்.

வெள்ளை பனியனில், வெளுத்த சுவரோடு சுவராக, லினெட்டின் கணவர் ஜோசப் ஆனந்த். தட்டாஞ்சாவடி கம்பெனி ஒன்றில் ஃபோர்மேனாக இருந்தவர். அவர் ஒரு அதட்டல் போட்டால் மெஷினே நிற்குமாம்.

"இப்ப வாயத் தொறந்தாலும் சத்தம் வரல சார்" என்றார் லினெட். "பஸ்ல அவரு மடியிலயே உக்காந்துடறாங்க. போன ஞாயிறு பூசையில சாமியார் நற்கருணை குடுக்காம இவரத் தாண்டிப் போயிட்டாரு. நேத்து ராத்திரி நானே லைட்ட அணைச்சு, வெளிய பூட்டிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். என் புருசன் உள்ள இருக்காருன்னு எனக்கே ஞாபகம் இல்ல. சேசுவே!" சிலுவை போட்டுக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நாள்ல இப்படி ஒருத்தரு இருந்தாருன்னே மறந்துடுவேன் சார்."

பழுதுபார்க்க வாசற்படியைப் பெயர்த்த மேஸ்திரி, அதன் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது மேசைமேல் இருந்தது. ஒரு மண் கலயம். வாயைச் சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"சூனியம் வெச்சிருக்காங்களாம்."

இளம்பரிதி சிரித்தார். கனைத்தார்.

"க்ஹும். அம்மா, சூனியம் நம்ம சொல்லே இல்ல. வடக்கேருந்து வந்தது. சூன்யம்னா வெறுமை, பூஜ்யம். அந்த வெறுமைதான் அரபு நாட்டு வழியா சுத்தி, பிரெஞ்சுக்காரன் வாயில ஸெரோவா, இங்கிலீஷ்ல ஜீரோவா ஆச்சு. 'சூனியம் வெச்சுட்டான்'னா என்ன அர்த்தம்? ஒண்ணுமே இல்லாதத வெச்சுட்டான்! இதுக்குப் போயி பயப்படறீங்களே!"

முடிச்சை அவிழ்த்துக் கலயத்தைக் கவிழ்த்துத் தட்டினார். எலும்பில்லை, தகடில்லை, முடியில்லை. ஒரு பொட்டு மண்கூட இல்லை.

"பார்த்தீங்களா? வெறுங்கலயம்!"

லினெட் கலயத்தையே பார்த்தார். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு சார் வாயக் கட்டணும்?"

பாமரர் கேள்விக்குப் பதில் சொல்வது இளம்பரிதிக்கு இழுக்கு. அன்று மாலை மன்றத்தில் அவருக்குச் 'சொல்வேந்தர்' பட்டம். இருபது வருஷமாக ஒவ்வொரு தலைவர் வீட்டு வாசலிலும் காத்துக் கிடந்து தேற்றிய பட்டம். மேடையில் காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்குமா? கலயத்தையும் துணியையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நாற்காலியிலிருந்த உதடுகள் அசைந்தன.

"தொறந்துட்டீங்களே..."

காற்றாயிருக்கும் என்று நினைத்துப் படியிறங்கினார். பின்னாலிருந்து வீடே அதிரும்படி ஓர் ஆண்குரல்: "லினெட்! ஒரு காபி போடு!"

லினெட் அழுதுகொண்டே சிரிப்பது தெருவரை கேட்டது. சொல் விளக்கத்தின் மகிமை என்று இளம்பரிதி மீசையைத் தடவிக்கொண்டார்.

காத்திருக்கச் சொன்ன ஆட்டோ அவர் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. கையைத் தட்டினார். சத்தம் வரவில்லை.

மன்றத்துக்கு நடந்தே போனார். மேடையேறித் தமக்கான நாற்காலியில் அமர்ந்தார். தலைவர் விஜயராகவன் பட்டங்களை மூச்சு வாங்க வாசித்துவிட்டு, அந்த நாற்காலியைப் பார்த்தார்.

"ஐயா இன்னும் வரல போலிருக்கு."

இளம்பரிதி எழுந்தார். மைக்கைப் பிடித்தார். கனைத்தார்.

மைக் 'கீ' என்றது.

"அத அணைங்கப்பா, சும்மா கத்துது" என்றார் விஜயராகவன். பேச்சு கிடையாது என்று தெரிந்ததும் அரங்கமே உற்சாகமாகி வடையை நோக்கி எழுந்தது. பொன்னாடையை வீணாக்குவானேன் என்று தலைவர் தமக்கே போர்த்திக்கொண்டு, அதே நாற்காலியில், அவர் மடியிலேயே வந்து உட்கார்ந்தார்.

கனம் தெரியவில்லை.

அதுதான் இளம்பரிதியை முதன்முதலாக நடுங்க வைத்தது.

வீட்டுக்கு ஓடினார். கதவு திறந்திருந்தது. நிர்மலா போனில் இருந்தாள்.

"உங்க வீட்டுக்காரரு சரியாயிட்டாரா? ரொம்ப சந்தோசம் லினெட். யாரு வந்தது? எங்க வீட்டுலேருந்தா?" நெற்றியைச் சுருக்கினாள். "யாருப்பா அது?"

"நிர்மலா!"

அவள் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிர்மலா, நான்தான்!"

ஒரு தட்டு எடுத்து வைத்தாள். இன்னொன்றை எடுக்கக் கை நீண்டு, எதற்கென்று தெரியாமல் திரும்பி வந்தது. அவர் சொற்களைத் தேடினார். பூர்வீகம் அறிந்த அத்தனை சொற்களும் வாய்வரை வந்து, பொருள் உதிர்ந்து, உமியாய்ப் பறந்தன.

அவர் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்த பையிலிருந்து நிர்மலா கலயத்தை எடுத்தாள்.

அவர் காலடியில் தரை இல்லை.

"காலிக் கலயம். இந்தக் கனம் கனக்குதே!"

சுற்றிலும் மண் வாசனை. தலைக்குமேல் வட்டமான வெளிச்சம். அதை நிறைத்துக்கொண்டு நிர்மலாவின் முகம், ஒரு கண்ணை இடுக்கியபடி உள்ளே எட்டிப் பார்த்தது. கடைசி வாய்ப்பு. இருந்த உயிரையெல்லாம் திரட்டினார்.

"க்ஹும்."

கேட்டுவிட்டது! முகம் சட்டென்று பின்வாங்கியது. எங்கேயோ கேட்ட சத்தம். கேட்டுக் கேட்டுச் சலித்த சத்தம். எங்கே என்று யோசிப்பதற்குள் அவள் கைகள் தாமாகவே பைக்குள் துழாவி அந்தச் சிவப்புத் துணியை எடுத்தன.

வட்டம் சிவந்தது.

முடிச்சு இறுகியது.

நிர்மலா கலயத்தை அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். வீடு என்றுமில்லாத அமைதியாக இருந்தது. அலமாரியில் மட்டும், துணியின் நடுப்பகுதி மெல்ல உப்பியது, தணிந்தது, மறுபடியும் உப்பியது.