அழிந்துபோன மூன்று ஆட்டங்கள்

மாலை 4.10. திருட்டுப் போன பொருள் வைத்த இடத்திலேயே இருந்தது. பீரோ பூட்டியபடி இருந்தது. உள்ளே கேசட்டும் பத்திரமாக இருந்தது. அதற்குள் இருந்த இலக்கியாதான் இல்லை.

ஏற்காட்டில் டிவி பழுது பார்க்கும் கமலக்கண்ணனை இலக்கியாவின் அம்மா ராணி கூப்பிட்டனுப்பியது அதற்காகத்தான். பேய்களைத் துரத்தும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஜப்பானியப் படக்கதையிலிருந்து செய்த பழைய வீடியோ கேம் அது. அதில் வரும் நான்கு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம். இலக்கியா மெனக்கெட்டு ஜப்பானிய எழுத்தைக் கற்று, அப்பா, அம்மா, தம்பி, தான் என்று நான்கு பெயரையும் வைத்திருந்தாள். காய்ச்சலில் அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. தினமும் காப்பித் தோட்டத்திலிருந்து திரும்பியதும் ராணி அந்த ஆட்டத்தைத் திறப்பாள். நால்வரும் ஒரு கோயில் வாசலில் நிற்பார்கள். நாலடி நடக்கவிட்டு அணைத்துவிடுவாள்.

மூன்று நாளுக்கு முன் திறந்தபோது ஒன்றுமே இல்லை. அதே கேசட்டில் விளையாடுகிற மகன் விக்னேஷ்மேல் பழி விழுந்தது. அக்காவை இரண்டாம் தடவை கொன்றுவிட்டான் என்று பெற்றவளே சொன்னாள். அவன் அடிவாரத்தில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான்.

மாலை 4.25. விசாரணை.

"பீரோ சாவி யாருகிட்ட அம்மிணி?"

"எங்கிட்ட ஒண்ணு, அவருகிட்ட ஒண்ணுங்க. விக்னேஷும் எங்கிட்டத்தான் கேட்டு வாங்குவான்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணவர் ஜீவானந்தம், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், தலை நிமிரவில்லை. "இனிமே அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதானுங்க இருந்தேன்" என்றார்.

கமலக்கண்ணன் திரையைப் பார்த்தார். ஆட்டத்தைச் சேமிக்க மூன்று இடம். மூன்றுமே காலி.

"விக்னேஷோட ஆட்டம்?"

"ரெண்டாவதுலயும் மூணாவதுலயும் இருந்துச்சுங்க. நாலு மாசமா ஆடுனான்."

"அக்காவோடதை அழிக்கிறவன் தன்னோடதையும் எதுக்கு அழிக்கோணும்?"

 கமலக்கண்ணன் கேசட்டைத் திருப்பினார். திருகாணித் தலைகளில் புதுக் கீறல். திறந்தார். பழுப்பேறிய சர்க்யூட் பலகையில் பட்டன் செல் பேட்டரி மட்டும் புதிதாகப் பளபளவென்று இருந்தது.

மாலை 4.50. பொத்தானை அமுக்கி யாரும் எதையும் அழிக்கவில்லை என்றார் கமலக்கண்ணன். ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பதே அந்தச் செல்தான். அதைக் கழற்றியதுமே மூன்றும் போய்விட்டன.

"இனிமேன்னு சொன்னீங்களே ரைட்டரே. எதுக்கப்புறம்?"

ஜீவானந்தம் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்தார். "பழைய செல்லு எப்ப வேணா செத்துப்போகும்னு போன்ல பாத்தேனுங்க. சேலத்துல குடுத்து மாத்துனேன். நொம்ப நாளைக்கு அவ இருக்கட்டும்னுதான். பையனை இவ திட்டுனப்ப வாயே வரலைங்க."

கமலக்கண்ணனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ராணி அழவில்லை. பழைய செல் எங்கே என்று கேட்டாள். ஜீவானந்தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைத் திரும்பப் போட்டால் வருவாளா என்று கேட்டாள். வரமாட்டாள் என்றார் கமலக்கண்ணன்.

"இது செத்துத்தான் போயிருந்துச்சுங்களா அண்ணா?"

அவர் பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். முழுசாக மூன்று வோல்ட். இன்னும் பல வருடம் தாங்கியிருக்கும். மீட்டரைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"செத்துப்போச்சு அம்மிணி. அவரு மாத்தாட்டியும் போயிருக்கும். பையனைக் கூப்புடுங்க."

ராணி விக்னேஷுக்குப் போன் போட்டாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. பழைய செல்லை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டு மறுபடியும் போட்டாள்.