சிவப்பு நூல் வலது கண்ணுக்கு

கீரனூரைத் தாண்டி இரண்டாவது மைலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலை ஒன்பது மணி. 1959, பங்குனி மாதம். ஊர்த் தலையாரி வீரய்யா என் டிரங்குப் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பாழடைந்த சத்திரத்தில்தான் எங்கள் கண் முகாம். எட்டு மாதத்துக்கு முன்னாலும் அதே இடம்தான். ரெங்கசாமி டாக்டர் ஜீப்பில் முன்பே வந்திருந்தார்.

நான் நர்ஸ் அடைக்கலமேரி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் படிக்க வேண்டாம்.

இமைக்குள் மணல் மணலாகக் கட்டி, கடைசியில் பார்வையையே தின்றுவிடும் நோய் ஒன்று அந்த ஊரில் பரவியிருந்தது. டாக்டர் அதற்குப் புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். நாற்பது பேர். ஆளுக்கு இரண்டு களிம்புக் குழாய். சிவப்பு நூல் கட்டியது வலது கண்ணுக்கு, அதில் மருந்து. வெள்ளை நூல் கட்டியது இடது கண்ணுக்கு. அதில் வெறும் வாசலின். போட்ட கண்ணையும் போடாத கண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். ஊராருக்கு இது தெரியக்கூடாது. இரண்டுமே மருந்து என்று சொல்வது என் வேலை.

எட்டு மாதத்துக்கு முந்திய அந்த முகாமில் குழாய் வாங்க வந்த செவந்தி என்ற பெண்ணுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. பார்வை இருந்தது இடது கண்ணில் மட்டும்தான். அதிலும் இந்த நோய். நான் டாக்டரிடம் ஓடினேன்.

"இவளுக்கு மட்டும் நூலை மாத்திக் கட்டிரவா சார்?"

"ஒருத்திக்கு மாத்தினா சோதனை மொத்தமும் கெட்டுப்போகும், மேரி. ஒனக்கு வேலை நிரந்தரமாக வேணாமா?"

வேண்டும். செத்த கண்ணுக்கு மருந்தும், இருந்த ஒரே கண்ணுக்கு வாசலினும் கொடுத்தேன்.

"ரெண்டும் மருந்துதானே நர்சம்மா?" என்று கேட்டாள் செவந்தி. "நந்தியாவட்டைப் பூவை வச்சு ஒத்திக்கிட்டிருந்தேன். அதை விட்டுரவா?"

"ரெண்டும் மருந்துதான். பூவையெல்லாம் தூக்கிப் போடு."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பாவி மகள்.

இப்போது, இந்தப் பங்குனியில், சத்திரத்து வாசலில் வீரய்யாவிடம் கேட்டேன். "செவந்தி வரலையாண்ணே?"

"ஒங்களுக்குத் தெரியாதா? தை மாசமே அந்தக் கண்ணும் அவிஞ்சிருச்சு. தண்ணி எடுக்கப் போனவ கெணத்துல விழுந்துட்டா. பொணத்தைத் தூக்கிப் பாத்தா, முந்தியில அந்த வெள்ளை நூல் குழாயை முடிஞ்சு வச்சிருக்கா. ஒரு துளி மிச்சமில்ல."

உள்ளே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் அவளுடைய அட்டையை நீட்டினார். "மருந்தை ஒழுங்காப் போடலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

எழுதினேன். ஆமாம், கையெழுத்தும் போட்டேன்.

சோதனை அறை இருட்டாக இருக்க வேண்டும். ஜன்னல்களைக் கம்பளியால் அடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் இமையைப் புரட்டிப் பார்ப்போம். ஒவ்வொருவராக முக்காலியில் வந்து உட்கார்ந்து போனார்கள். உச்சி வேளையில் வீரய்யா வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"முப்பத்தொம்பது பேரும் முடிஞ்சிருச்சும்மா. இனி ஆளு இல்ல."

டார்ச்சை அணைத்தேன்.

முக்காலி கிரீச்சிட்டது.

பாசி வாடை. ஈரச் சேலை வாடை. அதற்கும் அடியில், கசங்கிய நந்தியாவட்டை.

தரையில் தண்ணீர் சொட்டியது.

"பாத்துச் சொல்லுங்க நர்சம்மா."

கை தானாகவே டார்ச்சைப் போட்டது. பூ விழுந்திருந்த வலது கண் இப்போது கருகருவென்று என்னையே பார்த்தது. மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. இடது கண் இருந்த குழியில் கிணற்றுத் தண்ணீர் தளும்பியது. அதன்மேல் பிசுக்குப் படலம்.

மாதாவே!

"ரெண்டும் மருந்துதானே?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் நாக்குக்குப் பொய் பழகிப் போயிருந்தது.

"ரெண்டும் மருந்துதான்."

"அப்ப ஒங்களுக்கும் போட்டுவிடுறேன்."

சில்லென்ற விரல் ஒன்று என் இடது இமையைப் புரட்டியது. மெதுவாக, வலிக்காமல், நான் எல்லாருக்கும் செய்வது போலவே.

என் அலறலைக் கேட்டு ஓடிவந்த வீரய்யா கம்பளியைப் பிய்த்து எறிந்தார். வெயில் உள்ளே வந்தது. முக்காலி நனைந்திருந்தது. அதன் காலடியில், வெள்ளை நூல் கட்டிய குழாய் ஒன்று கடைசி வரை பிதுக்கிச் சுருட்டியபடி கிடந்தது.

"அட்டையை மாத்தி எழுதிரலாம் சார்" என்று டாக்டரிடம் கெஞ்சினேன். அவர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அட்டைகளை அள்ளிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வேலை நிரந்தரமாயிற்று. மூன்றே வருடத்தில் என் இடது கண் அவிந்தது. பார்த்த டாக்டர்களெல்லாம் நோயே இல்லை என்கிறார்கள். தினமும் விடிந்தால் அந்த இமையில் வாசலின் பூசியிருக்கிறது. துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் வலது கண்ணை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டுகிறேன்.

உண்மையை எழுதிவிட்டால் செவந்தி என்னை விட்டுவிடுவாள் என்று நம்பித்தான் இன்று பட்டப்பகலில் உட்கார்ந்து இதை எழுதினேன். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இடது இமை காய்ந்திருந்தது.

பிசுபிசுப்பு வலது கண்ணில் இருந்தது.