படியில் படுக்கும் மேனேஜர்

காபி டம்ளரை 'ணங்'கென்று வைத்ததிலேயே மாமியாரின் கோபம் வீடு முழுக்கக் கேட்டுவிட்டது.

"குடி... நல்லாக் குடி! வாயில்லா ஜீவனை வீட்டை விட்டுத் துரத்தத் தெம்பு வேணுமே!"

மருமகள், தையல் மெஷினுக்கு அடியில் தன் பாதத்தைத் தலையணையாக்கித் தூங்கிக்கொண்டிருந்த கறுப்பு நாயின் காதைத் தடவினாள். அதன் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாது; வேலை செய்கிறவர்களை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர்.

ஆதரவில்லாத நாய்களுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுக்கும் காப்பகத்திலிருந்து இன்று வண்டி வருகிறது. வரச் சொன்னவள் அவள்தான்.

பேக்கரியில் இரவு வேலை முடித்து, மாவு படிந்த சட்டையோடு வந்த கணவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தைக்கிற துணியில முடி ஒட்டுதாம்! இத்தனை வருஷமா ஒட்டாத முடி இப்ப ஒட்டுதா? சாக்கடையில கிடந்த குட்டிய நான் தூக்கிட்டு வந்தேன்... உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"இல்லைன்னே வெச்சுக்கோங்க."

ஈரம் இல்லாதவளா அவள்! மேனேஜருக்குக் காய்ச்சல் வந்தபோது மடியில் போட்டுக்கொண்டு பால் புகட்டியவள் அவள்தானே! ஆனால் காரணத்தைச் சொல்ல முடியாது. மாமனாருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியவர் என்பதைத் தினம் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்டவர் போன மாதம் மாடிப்படியில் படுத்திருந்த மேனேஜரை மிதித்து உருண்டார். கீழே துணி மூட்டையோடு நின்ற மருமகள்மேல் விழுந்ததால் எலும்பு தப்பியது.

"கண்ணு மங்கிப் போச்சும்மா... யார்கிட்டயும் சொல்லிடாதே. டிரைவருக்குக் கண்ணு போச்சுன்னா ஊரே சிரிக்கும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டரிடம் வரவே மாட்டேன் என்றார். பிறகு அதே படியில் மறுபடியும் தடுக்கினார். நாயா, மாமனாரா என்று வந்தபோது அவள் தயங்கவில்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

இப்போதும் அவர் பேப்பருக்குப் பின்னால்தான் இருந்தார். பக்கம் புரண்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

வாசலில் ஹாரன் கேட்டது. சந்து குறுகல், வண்டி பின்பக்கமாகத்தான் உள்ளே வர வேண்டும். காப்பகத்துப் பெண் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், பழைய டிரைவருக்கு உடம்பில் முறுக்கேறிவிட்டது! பேப்பரை வீசிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

"வரட்டும்... வரட்டும்... ஒடிச்சு வா... நேர் பண்ணு... இடம் நிறைய கிடக்கு, தைரியமா வா!"

மாமியார் சற்றுமுன் மேனேஜரை வாசல் கம்பத்தில் கட்டி, கடைசியாக ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தாள். வண்டி நேராக அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க!"

மருமகள் பாய்ந்து வந்து வண்டியின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்தாள். சக்கரம் மேனேஜரின் வாலை ஒட்டி நின்றது. அது வழக்கம்போல எல்லோரையும் மேற்பார்வை பார்த்தது.

"அப்பா! கண்ணு முன்னாடி நாய் நிக்குது... தெரியலையா?" கணவனின் குரல் நடுங்கியது.

சைகை காட்டிய மாமனாரின் கை அப்படியே கீழே இறங்கியது.

"தெரியலடா... மாசக்கணக்கா தெரியல. துணியில முடியும் ஒட்டல, மண்ணும் ஒட்டல. நான் விழுந்து சாகக் கூடாதுன்னுதான் அவ நாயை அனுப்பறா. சொல்லாதேன்னு வாக்கு வாங்கினவன் நான்! நீங்க அவளைக் கரிச்சுக் கொட்டினப்பல்லாம், படிக்கவே முடியாத பேப்பருக்குள்ள ஒளிஞ்சுட்டு இருந்தேனே... நானெல்லாம் ஒரு மனுஷனா!"

"அடிப் பாவிப் பொண்ணே!" மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி? என்னென்ன பேசிட்டேன் உன்னை..."

அவள் மாமியாரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இத்தனை நாள் அடக்கிவைத்த கண்ணீர் அவளுக்கும் வந்தது.

கணவன் காப்பகத்துப் பெண்ணிடம், "மன்னிச்சுக்கோங்க. நாயைத் தரல. கழுத்துல மணி கட்டிடறோம்" என்றான்.

"படுத்திருக்கிற நாயோட மணி அடிக்குமாங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் மருமகள். குரலில் பிசிறே இல்லை. "மேனேஜர் போகட்டும். மாமாவுக்கு ஆபரேஷன் ஆகட்டும். கண்ணு தெரிஞ்சதும் அவரே போய்க் கூட்டிட்டு வரட்டும்."

காப்பகத்துப் பெண் யோசித்தாள். "கொஞ்ச நாள் வெச்சுக்கறோம். இழுத்தடிச்சீங்கன்னா வேற வீடு பாத்துடுவோம். இப்பவே சொல்லிட்டேன், ஐயா."

"வேற வீடா!" கிழவர் பதறினார். "நாளைக்கே டாக்டர்கிட்ட போறேன்!"

மேனேஜர் வண்டிக்குள் ஏறி, பின் கண்ணாடி வழியே பார்த்தது. இஞ்சின் உறுமியது. எல்லோரும் வழக்கம்போல மாமனாரைப் பார்த்தார்கள். அவர் ஒதுங்கி மருமகளுக்கு வழிவிட்டார்.

"இனிமே இந்த வீட்டுல ரைட் கொடுக்கிறது நீதாம்மா. நீ சொன்னாத்தான் வண்டி நகரும்."

அறைந்த உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது. ஆனாலும் அதே கையால் வண்டியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போலாம்... ரைட்!"