ஐந்தாவது விரல்

பெரிய படத்தில் விரல்கள் நான்கு. சின்னதில் ஐந்து.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். கணினியை நிறைத்த பெரிய படத்தில் ஒருக்களித்த ஒரு கதவு, அதன் பின்னால் கன்னங்கரேலென்ற இருட்டு, உள்ளிருந்து கதவின் ஓரத்தைப் பற்றிய நான்கு விரல்கள், அவ்வளவுதான். அதையே நகத்தளவுக்குச் சுருக்கிய படத்தில், அந்த நான்குக்கும் கீழே, சற்று இடைவெளி விட்டு, இன்னொரு வெளிர்ப் புள்ளி.

வெளியே பிற்பகல் மூன்று மணி. அறைக்குள் அது தெரியாது. படத்தின் நிறம் மாறித் தெரியக்கூடாது என்று தடித்த ஜன்னல் சீலையை எந்நேரமும் இழுத்தே வைத்திருப்பாள். சூடேறிய கணினியின் தூசி வாடையும், காலையில் பாதி குடித்து வைத்த காபியின் புளிப்பும் அந்தச் சீலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் கீபோர்டு, தகரத்தில் தூறல் விழுவதுபோல விட்டு விட்டுக் கேட்டது.

அக்காவும் அவளும் சேர்ந்து இரண்டு வருடமாகச் செய்த பேய் கேம் அது. ஒரு வீடு, வீட்டுக்குள் நீண்ட நடை, நடையின் கோடியில் ஒரு கதவு. அந்தக் கதவைத் திறக்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும். கணக்கும் கணினிக் கட்டளையும் அக்கா, படம் அவள். படிப்பு பாதியில் நின்ற பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான்.

இணையக் கடையில் கேமின் முகப்புப் படமும் அவள் வரைந்ததாகத்தான் இருந்தது. முப்பத்திரண்டு ஜன்னல்கள் கொண்ட வீடு. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம், மழை, மரம், வாசலில் ஒரு நாய், நாயின் கண்ணில் வீட்டின் பிரதிபலிப்பு. மூன்று மாத வேலை. கடைப் பட்டியலில் நகத்தளவுக்குச் சுருங்கியதும் எல்லாம் கரைந்து, ஈரச் சாம்பலைக் கையால் தேய்த்தாற்போல ஆகிவிட்டது. ஆட்கள் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"தள்ளி நின்னு கண்ணைச் சுருக்கிப் பாரு," என்றாள் அக்கா போன வாரம். "ஏதாவது தெரியுதா?"

"மூணு மாசம் வரைஞ்சேன்க்கா."

"தெரியும்டி. பாக்கிறவன் மூணு மாசமா பாக்கப்போறான்? ஒரு நொடி. அதுக்குள்ள அவன் கை நிக்கணும்."

அப்புறம் அக்கா வெளியிலிருந்து படம் வரைகிற ஒருத்தியைப் பிடித்தாள். அவள் நாலே நாளில் இந்தக் கதவை வரைந்து அனுப்பினாள். மனத்துக்குள் இவள் அவளுக்கு 'நாலுநாள்காரி' என்று பெயர் வைத்தாள். படம் மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். மோசமாக இல்லை. எந்த அளவுக்குச் சுருக்கினாலும் அந்த விரல்கள் கண்ணைப் பிடித்து நிறுத்தின. அதுதான் அடிவயிற்றில் கொள்ளிக்கட்டையாய்ப் புகைந்தது.

அதைவிட இன்னொன்று. ஆள்காட்டி விரலின் நகம் கோணல். சின்ன வயதில் ஒரு சண்டையில் இவள் அறைந்து சாத்திய கதவில் நசுங்கி, அப்படியே வளர்ந்த நகம். அக்காவின் கை. பார்த்து வரைவதற்காக அக்காவே கையைப் புகைப்படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். எத்தனை தரம் கெஞ்சியும் இவள் வரைய ஒரு நாளும் கை காட்டியதில்லை. "வேலை இருக்குடி" என்பாள்.

இன்று ஐந்து மணிக்குள் அந்தப் படத்தை ஏழு அளவுகளில் வெட்டிக் கடைக்கு ஏற்ற வேண்டும். அந்த எடுபிடி வேலைதான் இவளுக்கு.

ஐந்து விரல்கள். நாலுநாள்காரி தப்புப் பண்ணியிருக்கிறாள். முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம்.

"அக்கா! இங்க வா!"

தூறல் நின்றது. அக்கா கைபேசியைக் காதில் இடுக்கியபடி வந்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"நாலுதான்டி."

"சின்னதுல பாரு!"

"நாலு." அக்கா ஸ்பீக்கரைத் தட்டினாள். "நீங்களே சொல்லுங்க. அஞ்சு விரலாம்."

"நாலுதாங்க்கா வரைஞ்சேன்," என்றது மறுமுனை, மெல்லிய குரலில். "கட்டைவிரல் கதவுக்குப் பின்னாடில்ல இருக்கும்?"

"பொறாமையில எண்ணிக்கை கூடத்தான் செய்யும்." அக்கா சிரித்தாள்.

"பாவம்க்கா, தங்கச்சியக் கிண்டல் பண்ணாதீங்க."

அக்கா சிரித்துக்கொண்டே போனாள். அக்காவாம். இவளுடைய அக்கா எப்போது அந்த நாலுநாள்காரிக்கும் அக்கா ஆனாள்?

இவள் தன் கைபேசியை மேசையில் நிற்க வைத்து, படம் எடுக்கப் பத்து நொடி தாமதம் வைத்தாள். எழுந்து நடைக்குப் போனாள். நடையில் ஜன்னல் கிடையாது; பகலிலும் இருட்டு. வெளியே நின்று, அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தி, ஓரத்தை நான்கு விரல்களால் பற்றினாள். காத்திருந்தாள். பழைய மரம் வெதுவெதுப்பாக இருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, ஜில்லென்று.

உள்ளே கைபேசி 'க்ளிக்' என்றது.

அக்காவின் விரல்களை அழித்துவிட்டுத் தன் விரல்களை அந்த இடத்தில் வரைந்தாள். கடித்துக் கடித்துச் சதை தெரிந்த ஆள்காட்டி நகம். வரைந்து வரைந்து காய்த்துப்போன நடுவிரல். அந்த ஒளி, அந்த நிழல், எல்லாம் அச்சாக அப்படியே. கடையில் ஏறிய பிறகு அக்கா பார்க்கட்டும். எந்தக் கை தன்னை இரண்டு வருடமாகத் தூக்கி நிறுத்தியது என்று தெரியட்டும்.

சுருக்கினாள்.

ஐந்து.

அந்தப் புள்ளியை மட்டும் பெரிதாக்கிக் கறுப்பால் மூடினாள். சேமித்தாள். மூடினாள். திறந்தாள்.

ஐந்து. இப்போது இடைவெளி இல்லை. சுண்டுவிரலை ஒட்டியே இருந்தது.

மறுபடி அழித்தாள். மறுபடி திறந்தாள்.

ஐந்து.

மணி நாலு ஐம்பத்தாறு. ஐந்து மணிக்குக் கெடு முடிந்துவிடும். போகட்டும். யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? பொத்தானை அழுத்தினாள். ஏழு படங்களும் ஏறின.

அப்போதுதான் கவனித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தூறல் இல்லை.

நடையில் அக்காவின் குரல்.

"ஏய், இருட்டுல என்னடி பண்றே?"

அக்காவின் காலடி இரண்டு எட்டு நெருங்கியது.

"இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியா? சரி, விடு. வா."

யாரிடம் பேசுகிறாள்?

"கை ஏன்டி இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

அவள் நாற்காலியோடு திரும்பினாள். கதவு ஒருக்களித்திருந்தது. அதன் ஓரத்தில் நான்கு விரல்கள். கடித்த ஆள்காட்டி நகம். காய்த்த நடுவிரல்.

அவளுடைய இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன.

அந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கதவை விட்டன. நடையில் இரண்டு ஜோடிக் கால்கள் நகர்ந்தன. அக்கா தணிந்த குரலில் பேசிக்கொண்டே போனாள். "உன் படத்தையே வச்சிருக்கலாம்டி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். உன்னை மாதிரி யாரு வரைவா?"

ஒரு வாரமாக, ஏன், இரண்டு வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை. வேறொருத்தியின் காதில் விழுந்தது. பயத்துக்கும் முன்னால் அதுதான் எரிந்தது. அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. ஓடினாள்.

"அக்கா! அது நான் இல்ல!"

கதவின் ஓரத்தை நான்கு விரல்களால் பற்றி இழுத்தாள். அசையவில்லை. தள்ளினாள். அசையவில்லை. மரத்தில் மரத்தின் சொரசொரப்பு இல்லை. வழவழவென்று, ஒரே தட்டையாக.

முதுகுக்குப் பின்னால் கணினி வெளிச்சம் இல்லை. தூசி வாடை இல்லை. காபி வாடை இல்லை. திரும்பிப் பார்த்தாள். மேசை இல்லை. எதுவும் இல்லை. கன்னங்கரேலென்று.

இடுக்கு வழியே பார்த்தாள்.

அங்கே நடை இல்லை. அக்காவின் முகம் இருந்தது. கதவைவிடப் பெரிதாக, வீட்டைவிடப் பெரிதாக, கண்களைச் சுருக்கிக்கொண்டு நேராக அவளையே பார்த்தது. பக்கத்தில் இன்னொரு முகம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டது.

"சூப்பர்டி," என்றாள் அக்கா. அந்தக் குரல் வானத்திலிருந்து இறங்கியது. "எவ்ளோ சின்னதாக்கினாலும் பளிச்சுனு தெரியுது. இது உன் கைதானே?"

"ம்," என்றது மற்றது, அவளுடைய குரலில்.

அவள் கத்தினாள். தொண்டையில் சத்தம் இல்லை. நகம் பிளக்கக் கதவைப் பற்றினாள். பற்றிய விரல்கள் அக்காவின் கண்மணிக்குள் தெரிந்தன. நான்கு புள்ளிகள்.

"மதியம் என்னமோ அஞ்சுன்னியேடி. எங்க, எண்ணிப் பாப்போம்." அக்காவின் விரல், கோணல் நகத்தோடு, இடுக்கை நோக்கி மலைபோல வந்தது. "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு…"

நின்றது.

சுண்டுவிரலுக்குக் கீழே மரம் ஜில்லிட்டது. அவளுக்குப் பின்னால், இருட்டுக்குள், வெகுநேரமாக நின்றிருந்த ஏதோ ஒன்று அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, தன் ஒற்றை விரலை நீட்டி, அவளோடு சேர்ந்து கதவைப் பற்றிக்கொண்டது.