நின்று கேட்கும் பெக்கோ

சாவியை யாரும் தொடவில்லை. மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் தானாக நின்றது. காலையிலிருந்து இதே கூத்துத்தான். மேட்டை வெட்டும்போது சமர்த்தாக வேலை செய்யும். மண்ணைக் கொட்ட வீட்டின் அடுப்படிப் பக்கம், குசினிப் பக்கம் திருப்பினால் போதும், செத்துப்போகும்.

"என் புத்திய செருப்பால அடிக்கணும்," என்று மாணிக்கராஜ் தன்னையே திட்டிக்கொண்டான்.

தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வந்து ஹாலிஎலை ஊருக்கு மேலே அவன் கட்டியது இரண்டு அறை வீடு. குசினிக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. அதன் அடியைக் குடைந்து இடம் எடுத்தால்தான் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஓர் அறை போடலாம். அவன் மனைவி அஞ்சலினுக்கு எட்டு மாதம். வாடகை பெக்கோக்காரர்கள் மேட்டைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டுப் போனார்கள். அந்த ரோஷத்தில்தான் பழைய சின்ன பெக்கோ ஒன்றைச் சொந்தமாகவே வாங்கி வந்தான்.

சாயங்காலம் மூடுபனி இறங்கி, தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே கீழே வந்தது. டீசல் வாசனைக்குள் ஈரமண் வாசனை, அதற்கும் அடியில் நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததுபோல ஒரு வாசனை. பெக்கோவை விற்ற மொஹிதீனுக்கு போன் போட்டான்.

"இஞ்சின்ல பழுது இல்ல, தம்பி." அவர் தயங்கினார். "போன மண்சரிவுல ஆக்கள தோண்டினது அதுதான். ஒவ்வொரு தடவ அள்ளினதும் இஞ்சின நிப்பாட்டிருவம். ஒருத்தரும் மூச்சு விட மாட்டம். உள்ளுக்கு யாரும் கூப்பிடுறாங்களான்னு கேக்கத்தான்."

"இங்க யாரக் கேக்குது?"

"தம்பி, நீங்க எங்க வெட்டுறீங்க?" என்று திருப்பிக் கேட்டார் மொஹிதீன்.

மாணிக்கராஜ் மேட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பயம்தான்; ஒப்புக்கொள்ள மனமில்லை. போனை வைத்துவிட்டு மறுபடி பெக்கோவில் ஏறி இஞ்சினைக் கிளப்பினான்.

"போதுங்க, வாங்க. மேலேருந்து கல்லு உருளுது." குசினிப் படியில் அஞ்சலின் நின்றாள்.

"இன்னும் ஒரே ஒரு பக்கெட்டு."

அள்ளினான். மேட்டுக்குள் எங்கோ ஒரு வேர் அறுந்தது.

பெக்கோ திரும்பியது. அவன் திருப்பவில்லை. லீவரை இழுத்தான். அசையவில்லை. பக்கெட் மெதுவாக இறங்கியது. அஞ்சலினின் காலடியில், மண்ணே இல்லாத படியில், மண்ணை விலக்கியது. பதமாக. உள்ளே ஆள் இருக்கும்போது விலக்குவதுபோல.

இஞ்சின் நின்றது.

ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

படிக்கு அடியிலிருந்து, மண் அடைத்த தொண்டையில், ஒரு குரல்.

"என்னங்க... இங்கதான்... தோண்டுங்க..."

அஞ்சலினின் குரல்.

அஞ்சலின் படிமேல்தான் நின்றாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வாய் மூடியிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே, மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.